புதுப்பிப்பு: கிட் புதிதாகக் கற்பவர்களுக்கு எது உதவியது? (காரைக்குடி)

கிட் (Git, நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் மென்பொருள்) பழகத் தொடங்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது தேவகோட்டை அண்ணன் சொன்ன 'லேர்ன் கிட் பிராஞ்சிங்' என்ற இணையப் பயிற்சி. பிரௌசரிலேயே ஓடுகிறது, எதையும் நிறுவ வேண்டாம். கட்டளை அடிக்க அடிக்க ஒவ்வொரு கமிட்டும் (சேமித்த மாற்றப் பதிவு) வட்டமாகப் படத்தில் சேரும். கிளை (தனியாகப் பிரித்து வேலைசெய்யும் பாதை) எங்கே பிரிகிறது, கிளைகளை இணைக்கும் இரு வழிகளான மெர்ஜும் ரீபேஸும் எப்படி வேறுபடுகின்றன என்பதெல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே தெரிகிறது. மொழித் தேர்வில் தமிழும் உண்டு. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளின் தயக்கம் அங்கேதான் விலகியது, எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

'புரோ கிட்' இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அருமையான புத்தகம். ஆனால் எடுத்த எடுப்பில் கொடுத்தால் மலைத்துப்போகிறார்கள். மேலே சொன்னதை முடித்த பிறகு 2, 3ஆம் அத்தியாயங்களை மட்டும் படிக்கச் சொன்னேன், சரியாக அமைந்தது.

எதிர்பாராத தொல்லை பழைய வீடியோக்களால் வந்தது. அவற்றில் கிட்ஹப்புக்கு (கிட் திட்டங்களை இணையத்தில் வைக்கும் தளம்) புஷ் செய்ய, அதாவது மாற்றங்களை அனுப்ப, கணக்கின் பாஸ்வேர்டையே அடிக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் முதல் அது செல்லாது. டோக்கன் (தளத்தில் உருவாக்கிக்கொள்ளும் ரகசியக் குறியீடு) அல்லது எஸ்எஸ்ஹெச் சாவி (நம் கணினியில் வைக்கும் அடையாளக் கோப்பு) வேண்டும். பலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் செக்அவுட் என்ற ஒரே கட்டளையையே சொல்லிக்கொடுப்பதும் குழப்புகிறது. 2019இல் வந்த கிட் 2.23 பதிப்பிலிருந்து கிளை மாற ஸ்விட்ச், கோப்பை மீட்க ரிஸ்டோர் என்று தனித்தனியே இருக்கின்றன. அவற்றிலிருந்தே தொடங்குங்கள்.

இன்னொன்று, செய்தி கொடுக்காமல் கமிட் அடித்தால் பல கணினிகளில் விம் என்ற எடிட்டர் திறந்துகொள்கிறது, வெளியேறத் தெரியாமல் பிள்ளைகள் தவிக்கிறார்கள். முதலிலேயே எடிட்டரை நானோ என்ற எளிய எடிட்டருக்கு மாற்றிவிடுங்கள்.

பள்ளத்தூர், புதுவயல் பக்கம் யாராவது வகுப்பு எடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள், என் பயிற்சித் தாள்களைத் தருகிறேன்.