காசநோய் மாத்திரை: இருமல் நின்னதும் விட்டுடுறாங்களே?

கேள்வி: ரெண்டு மாசம் ஒழுங்கா போட்டவங்க திடீர்னு நிறுத்திடுறாங்க. எப்படித் தொடர வைக்கிறது?

பதில் 1: சிக்கலே மாத்திரை அட்டை மாறும்போதுதான். முதல் 56 நாள் நாலு மருந்து கலந்த மாத்திரை. அடுத்த 112 நாள் அதுல ஒண்ணான பைராசினமைடு மட்டும் கழியும். மாத்திரை எண்ணிக்கை குறையாது: 50–64 கிலோ எடை உள்ளவங்களுக்குத் தினம் 4. ஒரு மருந்து குறைஞ்சதை "குணமாயிடுச்சு"ன்னு எடுத்துக்கிறாங்க. மிச்சக் கிருமி பதுங்கியிருக்கும், நடுவுல விட்டா மருந்துக்கு அடங்காததா திரும்பலாம்.

பதில் 2: சிறுநீர் ஆரஞ்சா போகும்னு முதல் நாளே சொல்லுங்க. அது ரிஃபாம்பிசின்ங்கிற மருந்தோட சாயம், ரத்தமில்ல. குமட்டினா லேசா சாப்பிட்டுப் போடலாம். கண் மஞ்சளானா நிறுத்திட்டு உடனே டாக்டர்கிட்ட.

பதில் 3: காசநோயாளிங்க சத்தா சாப்பிட அரசு தர்ற நிக்‌ஷய் உதவித்தொகை 2024 நவம்பர்லேர்ந்து மாசம் 1,000 ரூபாய். வங்கிக் கணக்கு விவரம் சரியான்னு பாருங்க. வெறும் அறிவுரை வயித்தை நிரப்பாது.