கவுண்டி: மாவட்டமா, கூற்றமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க மாநிலங்களின் உட்பிரிவான 'கவுண்டி' (county) என்பதற்குத் தமிழில் மாவட்டம் என்றே வைத்துக்கொள்ளலாம், புதுச்சொல் எதற்கு என்று நம் குழுவில் ஐயா ஒருவர் நேற்று எழுதியிருந்தார். நானும் மூன்று மாதமாக அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன், என் அத்தை படிக்கும் வரை.

நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் விரல்களைப் போல நீண்டு கிடக்கும் 11 ஏரிகள் உண்டு. அவற்றின் நடுவே இருக்கிற யேட்ஸ் கவுண்டியைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதி வருகிறேன். முதல் பக்கத்தை அத்தையிடம் கொடுத்தேன். தாலுகா ஆபீசில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். "யேட்ஸ் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 25,000" என்ற வரியில் விரலை வைத்தார். "ஒரு சைபரை விட்டுட்டியா? எங்க ஃபிர்காவுலயே இதைவிட ஜாஸ்தி பேரு." எண் சரிதான் என்றேன். "அப்போ இத்தனை பேருக்கு ஒரு கலெக்டரா?" கலெக்டரே கிடையாது அத்தை என்றேன். "கலெக்டர் இல்லாம என்னடா மாவட்டம்?" காகிதம் என் கைக்குத் திரும்பி வந்துவிட்டது.

அத்தை கேட்டதில்தான் முழு விவாதமும் இருக்கிறது. மாவட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு ஓர் உருவம் வருகிறது: மேலே அரசு, அரசு அனுப்பிவைத்த ஆட்சியர், கீழே கோட்டம், வட்டம், ஃபிர்கா. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே மக்கள் குறைவான பெரம்பலூர் மாவட்டத்தில்கூட 5.65 லட்சம் பேர். யேட்ஸில் நடப்பது வேறு. கவுண்டி மன்ற உறுப்பினர்களை அங்கே இருக்கிறவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிப்பையும் அவர்களே வாக்குப் போட்டு வைக்கிறார்கள். மாநிலத் தலைநகரிலிருந்து யாரும் ஆட்சியராக வந்து இறங்குவதில்லை. 'யேட்ஸ் மாவட்டத் தேர்தலில் ஷெரிப் வென்றார்' என்று எழுதினால், தமிழ் வாசகர் எஸ்.பி. தேர்தலில் நின்றாரா என்று குழம்புவார். அது வாசகரின் தவறு இல்லை.

சரி, கவுண்டி என்றே எழுதிவிடலாமே என்று குழுவில் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் இரண்டு சங்கடம். தமிழ்க் காதுக்கு அந்த ஒலி ஒரு சாதிப் பெயரை ஒட்டி நிற்கிறது. அதோடு, சொல்லைப் பார்த்தால் எதுவும் விளங்குவதில்லை. ஆங்கிலத்தில் அதன் வேர் கவுண்ட் என்ற பிரபுவின் ஆளுகைப் பகுதி. அமெரிக்காவில் பிரபுவும் இல்லை, ஆளுகையும் இல்லை. பழைய பெயர் மட்டும் கடல் தாண்டிப் போயிருக்கிறது.

நான் முன்வைக்கும் சொல் கூற்றம்.

சோழர் கல்வெட்டுகளில் நாடும் கூற்றமும் ஏறக்குறைய ஒரே நிலையிலுள்ள நிலப்பிரிவுகள்: ஆவூர்க் கூற்றம், வெண்ணிக் கூற்றம், பாண்டியர் பக்கம் மிழலைக் கூற்றம். பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு அல்லது கூற்றம்; பல நாடுகள் சேர்ந்தது வளநாடு. அந்தப் பகுதியின் நாட்டார் கூடி 'நாட்டோம்' என்று கல்லில் பேசுகிறார்கள். அரசன் மேலே இருந்தாலும் உள்ளூர்க் காரியங்களில் அவர்களுக்கென்று ஒரு குரல் இருந்தது. இன்றைய வாக்குரிமையோடு அதை ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் ஆட்சியரகத்தைவிட நாட்டார் சபைதான் கவுண்டிக்குக் கிட்ட வருகிறது. முகவரி எழுதும் முறையைப் பாருங்கள். 'நித்தவினோத வளநாட்டு ஆவூர்க் கூற்றத்து' என்று தொடங்கி ஊர்ப்பெயர் வரும். யேட்ஸில் எருசலேம் என்றும் ஓர் ஊர் உண்டு; 'நியூயார்க் மாநிலத்து யேட்ஸ் கூற்றத்து எருசலேம்' என்று எழுதிப் பார்த்தேன். சொல் தானாகவே தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

நாடு என்றே வைக்கலாம் என்றால், அந்தச் சொல்லை இன்று தேசத்துக்குக் கொடுத்துவிட்டோம். கோட்டம் தொண்டை மண்டலத்து நல்ல சொல், 24 கோட்டங்கள் இருந்தன. ஆனால் இப்போது அது வருவாய்த் துறையிடமும் மின்வாரியத்திடமும் இருக்கிறது. கூற்றத்தை மட்டும் இன்று யாரும் நிலப்பிரிவுக்குப் புழங்குவதில்லை.

குழுவில் அக்கா ஒருவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

> கூற்றம் என்றால் எமன் அல்லவா? 'யேட்ஸ் கூற்றம்' என்றால் படிப்பவர் பயந்துவிட மாட்டாரா?

சங்கப் பாடல்களில் கூற்றம் எமன்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாடல்களைத் தந்த மொழியிலேயே ஆவூர்க் கூற்றம் என்ற பெயரும் இருந்தது, அதைக் கேட்டு யாரும் ஊரைக் காலி செய்துவிட்டுப் போகவில்லை. முன்னால் ஓர் இடப்பெயரும் பின்னால் 'கூற்றத்தில்' என்ற உருபும் வந்தால் பொருள் தெளிந்துவிடும். படி என்றால் அளவையும் உண்டு, மாடிக்கும் உண்டு.

எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்குப் பெரிய காரணம் அதற்குள் இருக்கும் 'கூறு'. யேட்ஸ் உண்மையிலேயே கூறு போட்டு வந்த நிலம். 1789-இல் ஒன்டாரியோ கவுண்டி என்று ஒன்றை அமைத்தபோது நியூயார்க்கின் மேற்குப் பகுதி முழுவதும் அதற்குள் அடங்கியது. அதை வெட்டி வெட்டித்தான் புதிய கவுண்டிகள் வந்தன. அப்படி 1823-இல் வெட்டப்பட்ட துண்டு ஒன்றுக்கு அப்போதைய ஆளுநர் ஜோசப் யேட்ஸின் பெயரை வைத்தார்கள். இந்தக் கவுண்டிகளுக்கு முன்பு அங்கே இப்படிப்பட்ட கோடுகள் கிடையாது. அது செனிக்கா என்ற பழங்குடி மக்களின் நிலம். கனண்டைகுவா ஏரியோரத்துக் குன்றில் தோன்றியவர்கள் நாங்கள் என்பது அவர்களுடைய மரபு. 1779-இல், அமெரிக்க விடுதலைப் போரின்போது, அமெரிக்க ஜெனரல் சல்லிவனின் படை இந்த ஏரிகளின் ஊடே வந்து 40-க்கும் மேற்பட்ட ஊர்களை எரித்தது. வயலில் நின்ற சோளத்தையும் காய்த்துக்கொண்டிருந்த பழ மரங்களையும் விடவில்லை. பத்து வருடத்துக்குள் அந்த நிலத்தை அளந்து, விற்று, கூறு போட்டாயிற்று. மாவட்டம் என்று எழுதினால் இந்த வரலாறு மறைந்துபோகிறது. கூற்றம் என்றால் சொல்லுக்குள் அந்த வெட்டு தெரிகிறது. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. அதனாலேயே இந்தச் சொல்லை விட மனமில்லை.

அடுத்தது ஊர். யேட்ஸ் ஒன்பது 'டவுன்'களாகப் பிரிந்திருக்கிறது. அவற்றில் ஒன்றின் பெயர் இத்தாலி, இன்னொன்று எருசலேம். டவுனை நகரம் என்று எழுதிப் பாருங்கள்: இத்தாலி நகரம், எருசலேம் நகரம்! இத்தாலியில் காடும் மேடும் பண்ணைகளும்தான், நகரம் என்று சொல்ல எதுவும் இல்லை. டவுன் என்பது அங்கே கவுண்டியின் உட்பிரிவு, பல குடியிருப்புகளை உள்ளடக்கிய எல்லை. கல்வெட்டு சொல்லும் ஊர் அதுதான். அப்புறம் 'வில்லேஜ்'. கவுண்டியின் தலைமையிடமான பென் யான் சட்டப்படி ஒரு வில்லேஜ். சுமார் 5,000 பேர், மேயர் உண்டு, கடைத்தெரு உண்டு, மைலோ, பென்டன், எருசலேம் என்று மூன்று டவுன்களின் எல்லையில் பரவிக் கிடக்கிறது. அதைக் கிராமம் என்றால் தப்பு, நம் பேரூராட்சிதான் அதற்கு நிகர். ஆகவே டவுனுக்கு ஊர், வில்லேஜுக்குப் பேரூர். அகராதியைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருக்கும், ஆனால் வேலையைப் பார்த்துச் சொல் வைத்தால் இப்படித்தான் வருகிறது. தலைமையிடத்துக்குத் தலையூர் போதும்; தலைநகர் என்றால் சட்டை பெரிதாகிவிடும். பென் யான் என்ற பெயரும் ஒரு சமாதானம்தான்: பென்சில்வேனியாவிலிருந்து வந்தவர்களும் நியூ இங்கிலாந்து யாங்கிகளும் சேர்ந்து குடியேறிய இடம், இரண்டு பெயரிலிருந்தும் ஒவ்வொரு துண்டு.

எருசலேம் என்ற பெயரின் கதையை ஒதுக்கிவிட்டுப் போக முடியவில்லை. ரோட் ஐலண்டில் 1752-இல் பிறந்த ஜெமைமா வில்கின்சன், 1776-இல் கடும் காய்ச்சலிலிருந்து எழுந்து, 'பழைய ஆள் இறந்துவிட்டார், இந்த உடலில் இருப்பது ஆணும் அல்லாத பெண்ணும் அல்லாத ஓர் ஆவி' என்று அறிவித்தார். பழைய பெயரை அதன்பின் ஏற்கவேயில்லை. உலகப் பொதுத் தோழர் என்ற பெயரில் பிரசங்கம் செய்தார். அவரைப் பின்பற்றியவர்கள்தான் 1788 வாக்கில் இந்த ஏரிப்பகுதிக்கு முதலில் வந்து காடு திருத்திய வெள்ளையர்களில் முக்கியமானவர்கள். 1819-இல் எருசலேமில் காலமானார். ஆங்கிலத்தில் இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எந்தச் சுட்டுப்பெயரைப் போடுவது என்று திண்டாடுகிறார்கள். நமக்குத் தோழர் என்றும் அவர் என்றும் இரண்டும் கையில் இருக்கின்றன. இந்த ஒரு பத்தியை எழுதியபோது தமிழ் எனக்குக் கொடுத்த நிம்மதி பெரிது.

ஏரியிலிருந்து வெளியேறும் ஓடைக்குக் கலிங்கு என்று ஒருவர் எழுதியிருந்தார். கலிங்கு என்பது ஏரியின் உபரி நீர் வழிய மனிதர் கட்டியது, இது பனிப்பாறை குடைந்த பள்ளத்தில் தானாக ஓடுவது. வடியாறு என்று வைத்திருக்கிறேன். Y வடிவத்தில் கவைத்துக் கிடக்கும் கியூக்கா ஏரியின் நீர், பென் யானிலிருந்து அந்த வடியாற்றில் இறங்கி டிரெஸ்டன் அருகே செனிக்கா ஏரியில் சேர்கிறது. இரண்டு ஏரிக்கும் உயர வித்தியாசம் 80 மீட்டருக்கு மேல். அதன் ஓரமாக 1833-இல் ஒரு படகுக் கால்வாய் திறந்தார்கள். எட்டு மைல் தூரத்துக்கு, படகை ஏற்றி இறக்கும் 25-க்கும் மேற்பட்ட லாக்குகள். 1877-இல் கைவிட்டார்கள், இப்போது அது நடைபாதை. கால்வாய் திறந்த அதே 1833-இல் டிரெஸ்டனில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர் ராபர்ட் இங்கர்சால். ஆமாம், மதத்தைக் கேள்வி கேட்ட பேச்சாளர், சுயமரியாதைக்காரர்கள் கொண்டாடிய அதே இங்கர்சால். பிள்ளைக்கு இங்கர்சால் என்று பெயர் வைத்த குடும்பங்கள் இங்கே உண்டு. அந்தப் பெயர் கிளம்பி வந்த ஊர் இந்தக் கூற்றத்தில் இருக்கிறது.

இன்று போனால் சரிவுகளில் திராட்சை. ஆழமான ஏரிகள் கோடையின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கரையோரத்தில் உறைபனி தாமதமாக விழுகிறது, கொடி பிழைக்கிறது. சாலையில், பழைய வாழ்க்கைமுறையை விடாத கிறித்தவப் பிரிவினரான மென்னோனைட்டுகளின் குதிரை வண்டிகள். 1970-களில் பென்சில்வேனியாவிலிருந்து நிலம் தேடி வந்தவர்கள் அவர்கள். வயலில் டிராக்டர் ஓட்டுகிறார்கள், ஆனால் ரப்பர் டயர் கிடையாது, இரும்புச் சக்கரம்.

எல்லாக் கவுண்டிக்கும் இந்தச் சொல் பொருந்துமா என்ற கேள்வி வரும். லாஸ் ஏஞ்சலிஸில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். கனெடிகட்டில் 1960-இல் கவுண்டி நிர்வாகத்தையே கலைத்துவிட்டார்கள், எல்லை மட்டும் மிச்சம். கூறு என்பதற்கு அளவும் கிடையாது, நிர்வாகம் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு இடத்திலும் நிற்கும்.

ஷெரிப்பை அப்படியே விடலாம், சென்னைக்கே அந்தப் பெயரில் ஒரு கௌரவப் பதவி இருந்தது. முதல் வரியை இப்படி மாற்றியிருக்கிறேன், தயங்காமல் திருத்துங்கள்:

"நியூயார்க் மாநிலத்து யேட்ஸ் கூற்றத்தில் ஒன்பது ஊர்கள், தலையூர் பென் யான், மக்கள் சுமார் 25,000 பேர், மன்றத்தையும் ஷெரிப்பையும் அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள்."

அத்தையிடம் ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் காட்டுகிறேன்.