'பகை' எந்த உருபோடு வரும்? நான்கு வாக்கியங்கள், நான்கும் இடறுகின்றன

புதுப்பேனா:
வணக்கம். சிறுகதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒற்றுமையாக வளர்ந்த அண்ணனும் தம்பியும் பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்டு, கடைசியில் பேச்சுவார்த்தையே இல்லாமல் போகிறார்கள். கதை ஓடுகிறது. ஆனால் 'பகை' என்று எழுதிய இடமெல்லாம், உரக்கப் படித்தால் நாக்கு தட்டுகிறது. எங்கே கோளாறு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

1. தம்பி அண்ணனுக்குப் பகைத்துக்கொண்டான்.
2. அண்ணன் தம்பியிடம் பகையாகப் பதில் சொன்னான்.
3. அவர்கள் இருவருக்கும் நடுவில் பகைமை வந்துவிட்டது.
4. அண்ணிக்கும் அவன்மேல் ஒரு சின்னப் பகை இருந்தது.

உருபுக்காரன்:
முதல் வாக்கியம் இலக்கணப்படியே தப்பு. 'பகைத்துக்கொள்' என்ற வினை இரண்டாம் வேற்றுமையை, அதாவது 'ஐ' உருபைக் கேட்கும். 'அண்ணனைப் பகைத்துக்கொண்டான்' என்றுதான் வர வேண்டும்.

உங்களுக்குக் 'கு' ஏன் வந்தது என்பதும் புரிகிறது. 'பகை' பெயர்ச்சொல்லாக நிற்கும்போது நான்காம் வேற்றுமைதான் அதற்குச் சொந்தம். 'பாம்புக்குப் பகை கீரி', 'புகை உடலுக்குப் பகை'. நான்காம் வேற்றுமையின் பொருள்களை அடுக்கும்போது நன்னூல் கொடைக்கு அடுத்தபடியாகவே பகையைச் சொல்கிறது. ஆக, பெயர் என்றால் 'யாருக்கு', வினை என்றால் 'யாரை'. நீங்கள் பெயருக்கு உரிய உருபை வினைக்கு மாட்டிவிட்டீர்கள். இரண்டு பேருக்கு நடுவே உள்ள உறவாகச் சொன்னால் 'ஓடு' வரும்: 'அண்ணனோடு பகை'.

இன்னொன்றும் கவனியுங்கள். 'பகைத்துக்கொள்' என்பதில் அந்தக் 'கொள்' சும்மா வரவில்லை. தம்பி எதையோ செய்து அண்ணனின் வெறுப்பைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டான் என்ற தொனி அதில் இருக்கிறது. 'அதிகாரியைப் பகைத்துக்கொள்ளாதே' என்பார்கள். பெரும்பாலும் எதிரே இருப்பவர் கை ஓங்கியவர், அவரால் நமக்குக் கெடுதல் வரும் என்ற அச்சம் அதற்குள் ஒளிந்திருக்கும். உங்கள் கதையில் உறவை முறித்தவன் அண்ணன் என்றால் இந்த வினையே அந்த இடத்துக்குப் பொருந்தாது.

புதுப்பேனா:
முறித்தது அண்ணன்தான். தம்பி பங்கு கேட்டான், அவ்வளவே.

உருபுக்காரன்:
அப்படியானால் நல்லதாயிற்று. 'பங்கு கேட்டு அண்ணனைப் பகைத்துக்கொண்டான்' என்று எழுதினால் ஊர் தம்பியைக் குறை சொல்வது போல ஒலிக்கும். கதைசொல்லி அண்ணன் பக்கம் சாய்ந்தவர் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

திண்ணைவாசி:
எனக்கு 2, 4 இரண்டும்தான் உறுத்துகின்றன. இலக்கணத்தில் பிழை இல்லை, எடைதான் தப்பு.

'சின்னப் பகை' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பகையில் பழையது உண்டு, தீராதது உண்டு, பரம்பரையாக வருவது உண்டு. சின்னது கிடையாது. அண்ணிக்கு இருந்தது மனத்தாங்கல். கொஞ்ச நாள் உள்ளேயே ஊறியது என்றால் மனக்கசப்பு. கோபித்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள், சமாதானம் சொன்னால் திரும்பி வந்துவிடுவாள் என்றால் பிணக்கு. (தயவுசெய்து 'ஊடல்' என்று எழுதிவிடாதீர்கள். அது காதலர்க்கும் கணவன் மனைவிக்கும் மட்டும். அண்ணி கொழுந்தனோடு ஊடினாள் என்றால் கதை வேறு எங்கோ போய்விடும்.)

'பகையாகப் பதில் சொன்னான்' என்பது பிறமொழி வாக்கியத்தை அப்படியே பெயர்த்து வைத்தது போல இருக்கிறது. சிநேகமில்லாத பேச்சைத் தமிழில் முகத்தை வைத்தும் குரலை வைத்தும்தான் சொல்கிறோம். வெடுக்கென்று சொன்னான், முகம் கொடுத்துப் பேசவில்லை, பட்டும் படாமலும் பேசினான், கடனே என்று தலையாட்டினான். உங்கள் வாக்கியத்தை இப்படி மாற்றிப் பாருங்கள்:

"எப்ப அளக்கப் போறீங்கண்ணே?" என்று தம்பி கேட்டான். அண்ணன் நிமிர்ந்தே பார்க்காமல், "வர்றப்போ சொல்லிவிடறேன்" என்றான்.

பகை என்ற சொல்லே இல்லை, ஆனால் வாசகருக்கு விளங்கிவிடும்.

சொல்லாய்வு_ஆசை:
இலக்கிய நயம் வேண்டுமென்றால் 'இகல்' போடலாமே? திருக்குறளில் 86ஆம் அதிகாரத்தின் பெயரே அதுதான். 'இகலென்ப எல்லா உயிர்க்கும் பகலென்னும் பண்பின்மை பாரிக்கும் நோய்' என்ற குறளில் வரும் 'பகல்' என்பது பிரிவு, அதாவது ஒருவரோடு ஒருவர் கூடாத தன்மை. இவர் கதைக்கு அச்சாகப் பொருந்துகிறது.

திண்ணைவாசி:
பொருள் பொருந்துகிறது, வாக்கியம் பொருந்தாது. இன்றைய உரைநடையில் 'இருவருக்கும் இகல் ஏற்பட்டது' என்றால் வாசகர் கதையை விட்டுவிட்டு அகராதியைத் தேடப் போவார். குறளிலிருந்து எடுத்தே தீர வேண்டுமென்றால் 89ஆம் அதிகாரத்தின் 'உட்பகை' இருக்கிறது. உள்ளுக்குள்ளேயே இருந்து, உறவு போலக் காட்டிக்கொண்டு அறுப்பது. இன்றும் சொன்னால் புரியும். பாகப்பிரிவினைக் கதைக்கு அதைவிட என்ன வேண்டும்?

சொல்லாய்வு_ஆசை:
தலைப்பாகவாவது இகலை வைக்கலாம் என்றே இன்னும் நினைக்கிறேன். சரி, அவர் கதை.

புதுப்பேனா:
'பகைமை'யும் 'விரோத'மும் பற்றி யாரும் சொல்லவில்லையே. பகைக்குப் பதில் 'விரோதம்' என்று எல்லா இடத்திலும் மாற்றினால் சரியாகிவிடுமா?

மெய்ப்பு_மேசை:
ஆகாது. விரோதத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு: 'எதிரான' என்ற பொருள். சட்டவிரோதம், மக்கள் விரோதக் கொள்கை. இங்கெல்லாம் பகையைப் போட முடியாது. 'முன்விரோதம்' என்பதோ செய்தித்தாள் வாடை அடிக்கும் சொல். 'முன்விரோதம் காரணமாகத் தகராறு' என்று கதையில் எழுதினால் உங்கள் கதைசொல்லி காவல் நிலையத்தில் புகார் எழுதுபவர் போல ஆகிவிடுவார். அந்த மொழியில் 'எதிரி' என்பதுகூடக் குற்றம் சாட்டப்பட்டவரைத்தான் குறிக்கும்.

பகைமை என்பது அந்தத் தன்மை, அந்த மனநிலை. அதனால் 'பகைமை பாராட்டினான்', 'பகைமை உணர்வு' என்று இயல்பாக வரும். நடப்பைச் சொல்லப் பகையே போதும்: பகை மூண்டது, பகை முற்றியது, பகை தீர்த்தான். 3ஆம் வாக்கியத்தில் 'நடுவில்' தப்பில்லை. 'வந்துவிட்டது' என்பதுதான் சவசவ என்று இருக்கிறது. திடீரென்றால் 'மூண்டது', மெல்ல மெல்ல என்றால் 'வளர்ந்தது'.

ஒற்று மிகும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'பகை தீர்த்தான்', 'பகை கொண்டான்' இரண்டிலும் 'ஐ' மறைந்திருப்பதால் வல்லினம் மிகாது. பகையையே தீயாக உருவகித்தால் 'பகைத்தீ' என்று மிகும்.

புதுப்பேனா:
மாற்றியதைப் போடுகிறேன்.

"பங்கு கேட்ட அன்றைக்கே அண்ணன் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டான். அண்ணிக்கு இருந்ததெல்லாம் சின்ன மனத்தாங்கல்தான். அளவுக்கல் நட்ட பிறகுதான் பகை முற்றியது. அண்ணனோடு பகைமை பாராட்டத் தம்பிக்கு மனம் வரவில்லை."

உருபுக்காரன்:
உருபெல்லாம் சரி. கடைசி வாக்கியத்தில் மட்டும் 'பகைமை பாராட்ட' என்பது மேடைப்பேச்சு மாதிரி விறைப்பாக நிற்கிறது. 'அண்ணனைப் பகைத்துக்கொள்ளத் தம்பிக்கு மனம் வரவில்லை' என்று மாற்றுங்கள். தம்பியின் மனசுக்குள்ளிருந்து சொல்வதால் அந்தக் 'கொள்' இங்கே சரியாக உட்காரும்.