காண்ட்ரா நடனத்துக்கு வயர்லெஸ் மைக்: தேவையா, தண்டச் செலவா?

கடைசிஜோடி:
மாசசூசெட்ஸில் எங்கள் ஊர்க் காண்ட்ரா நடனக் குழுவுக்கு மைக் வாங்கப் போகிறோம். தெரியாதவர்களுக்காக: ஜோடிகள் நீள வரிசையில் எதிரெதிரே நிற்பார்கள், மேடையில் ஃபிடிலும் பியானோவும் ஓடும், அடுத்து என்ன ஆட வேண்டும் என்று ஒருவர் மைக்கில் சொல்வார், அவர்தான் காலர். இப்போது இருப்பது வயர் மைக். காலரால் மேடையை விட்டு இறங்க முடிவதில்லை. தலையில் மாட்டும் வயர்லெஸ் மைக், 2.4 கிகாஹெர்ட்ஸ் டிஜிட்டல் ஹெட்செட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். லைசென்ஸ் வேண்டாம், எந்த ஊருக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். வாங்கலாமா?

வயர்கட்சி:
வேண்டாம். ஒரு ஷூர் எஸ்எம்58, நீளமான கேபிள், ஸ்டாண்டு. 1966இல் வந்த மைக், இன்றைக்கும் கீழே போட்டு எடுத்தாலும் வேலை செய்யும். காண்ட்ராவில் காலர் எவ்வளவு நேரம் பேசுகிறார்? ஒரு சுற்று 64 தாளம். சில சுற்று போனால் ஆடுபவர்களுக்கு மனப்பாடமாகிவிடும், அப்புறம் நல்ல காலர் இசைக்கு வழிவிட்டு வாயை மூடிக்கொள்வார். அந்தச் சில நிமிடத்துக்கு ரிசீவர், பேட்டரி, அலைவரிசை என்று எதற்கு மாரடிக்க வேண்டும்?

கடைசிஜோடி:
ஆட்டம் தொடங்கிய பிறகு நடப்பதைச் சொல்கிறீர்கள். அதற்கு முன்னால் இசையில்லாமல் நடந்து பார்ப்பார்களே, அங்கேதான் பிரச்சினை. நாலு பேர் பின்னல் கோலாட்டம் மாதிரி குறுக்கே புகுந்து போகும் 'ஹே' வந்தால் புதியவர்கள் முட்டிக்கொண்டு நிற்பார்கள். காலர் இறங்கிப் போய் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டால்தான் புரியும். மைக் இல்லாமல் அங்கிருந்து கத்தினால் மறுகோடிக்குக் கேட்காது.

மைக்செட்:
வயர், வயர்லெஸ் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த 2.4ஐ விடுங்க. வைஃபையும் புளூடூத்தும் அங்கேதான் குடியிருக்கின்றன. அதைவிட மோசம் மனித உடம்பு. உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், இந்த அலையை நன்றாக உறிஞ்சிவிடும். சாயங்காலம் காலி ஹாலில் டெஸ்ட் செய்வீர்கள், சுத்தமாகக் கேட்கும். ராத்திரி நூறு பேர் நடுவில் வந்து நின்றதும் வார்த்தை வார்த்தையாக அறுந்து விழும். ரிசீவரை ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் தரையில் வைத்துவிட்டு மைக் கம்பெனியைத் திட்டுபவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. ஸ்டாண்டில் ஏற்றி, ஆடுபவர்கள் தலைக்கு மேல் வையுங்கள்.

என் ஓட்டு டிவி சேனல்கள் ஓடும் அலைவரிசையிலேயே வேலை செய்யும் யுஹெச்எஃப் வயர்லெஸுக்கு, 470 முதல் 608 மெகாஹெர்ட்ஸுக்குள். அந்த ஊரில் எந்த டிவி சேனல் ஓடுகிறது என்று பார்த்துக் காலி இடத்தில் வைக்க வேண்டும், அது ஒரு வேலைதான். ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு வரும் பழைய 600 மெகாஹெர்ட்ஸ் செட்டைத் தொடாதீர்கள். அமெரிக்க அரசின் 2017 அலைவரிசை ஏலத்தில் அது செல்போன் கம்பெனிகளுக்குப் போய்விட்டது. 617-652, 663-698 இரண்டிலும் 2020 ஜூலை 13க்குப் பிறகு அமெரிக்காவில் வயர்லெஸ் மைக் போடுவது சட்டவிரோதம்.

எட்டுப்பேர்:
நான் நாலு ஜோடி சதுரமாக நின்று ஆடும் ஸ்கொயர் டான்ஸ் பக்கம். எங்கள் காலர் கடைசிவரை நிறுத்தாமல் சொல்வார், பாடவும் செய்வார். வயர்கட்சி கணக்கு எங்களுக்குச் செல்லாது. டிஜிட்டல் செட்டில் குரல் தாமதமாக வரும் என்கிறார்களே, உண்மையா?

மைக்செட்:
வரும். பெரும்பாலும் சில மில்லிசெகண்டு, சில செட்டில் 20 வரைகூட. ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, ஆக 20 மில்லிசெகண்டு என்பது ஸ்பீக்கரிலிருந்து ஏழு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். ஆடுபவர்களுக்குத் தெரியாது. எப்படியும் அசைவு தொடங்கும் முன்பே காலர் சொல்லி முடித்தாக வேண்டும். பாடுபவருக்கு மட்டும், அவரைப் பார்த்து வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் தன் குரலே உறுத்தலாம்.

வயர்கட்சி:
ஹெட்செட்டின் பெரிய தலைவலியை யாரும் சொல்லவில்லையே. அது வாயை விட்டு விலகாது. பேண்டு பக்கம் திரும்பி, "மூணாவது வரிசை இன்னிக்குத் தேறாது, மெதுவா வாசிங்க" என்று ஒரு காலர் சொன்னது ஹால் முழுக்கக் கேட்டது. அந்த வரிசையில் நானும் இருந்தேன். கை மைக் என்றால் கீழே இறக்கிக்கொள்ளலாம். ஸ்பீக்கருக்கு முன்னால் ஹெட்செட்டோடு நடந்தால் ஊய்ங் என்று கத்துவது தனிக் கதை.

கடைசிஜோடி:
இடுப்புப் பெட்டியில் மியூட் பட்டன் இருக்கிறது சார். இன்னும் எத்தனை சுற்று என்று பேண்டுக்கு விரலில் காட்டினால் போதும். தேறாத வரிசைக்கு நான் பொறுப்பல்ல.

எட்டுப்பேர்:
ஒரே ராத்திரியில் மூன்று காலர்கள் மாறி மாறி வந்தால்? ஒருவர் காதுக்கு வளைத்த கம்பி அடுத்தவருக்கு நிற்காது. வியர்வை ஊறிய ஸ்பாஞ்சை வாய்ப்பக்கம் வைத்துக்கொள்ள எனக்கு மனசு வராது.

மைக்செட்:
அதனால்தான் குழுவுக்குப் பொதுவாக வாங்குவது யுஹெச்எஃப் கை மைக். ஹெட்செட் வேண்டும் என்கிற காலர் சொந்தமாக வைத்துக்கொள்ளட்டும். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் அது 1.2 வோல்ட்டுதான், சில செட்டில் மீட்டர் தவறாகக் காட்டும். இடைவேளையில் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள். வயர்கட்சியின் எஸ்எம்58ம் மேடையிலேயே இருக்கட்டும், செருகி ரெடியாக.

வயர்கட்சி:
அது செருகியிருந்தால் மற்றது எதற்கு?

கடைசிஜோடி:
கை மைக் சரி. ஆனால் ஜோடி பிடித்துச் சுழலும் ஸ்விங்கைக் காட்ட காலருக்கு இரண்டு கையும் வேண்டுமே, மைக்கை எங்கே வைப்பார்?

எட்டுப்பேர்:
பக்கத்தில் நிற்பவரிடம் கொடுக்கட்டும்.

மைக்செட்:
கொடுத்துப் பாருங்கள். அவர் சொல்லித்தர ஆரம்பித்துவிடுவார்.