பிரிண்டர் லைட்டு எரியுது, போனுக்குத் தெரிய மாட்டேங்குது – எந்த வைஃபை பேர்ல சேர்க்கோணும்?

பெட்ஷீட்_கடை, சென்னிமலை:
வணக்கமுங்க. கடையில பில் அடிக்கப் புதுசா ஒரு இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கியிருக்கறோம். மாட்ட வந்தவரு வைஃபையில சேர்த்து உட்டுட்டுப் போயிட்டாரு. லைட்டு நிலையா எரியுது. ஆனா போன்ல இருந்து அடிச்சா 'பிரிண்டர் கிடைக்கவில்லை'ன்னே வருது. வைஃபை லிஸ்ட்ல 'டைரக்ட்'னு ஆரம்பிக்கற ஒரு பேரு இருக்கு. அதுல சேர்ந்தா பிரிண்ட் வருது, ஆனா நெட் போயிருது. வாட்ஸ்அப் ஆர்டர் பாக்க மறுபடியும் மாத்தோணும். வெள்ளிக்கிழமை கூட்டத்துல இதோட மல்லுக்கட்ட முடியறதில்லீங்க.

ஈரோடு_நெட்:
டைரக்ட்ங்கறது பிரிண்டரே கெளப்பற பேருங்க. அதுக்கும் ரூட்டருக்கும் சம்பந்தமில்ல, அதான் நெட் வரல. உங்க ரூட்டர் பேரு என்னென்ன தெரியுது? எழுத்து மாறாம போடுங்க. பிரிண்டர் எந்தப் பேர்ல சேர்ந்திருக்குதுன்னும் பாருங்க, நெட்வொர்க் செட்டிங்ஸ் தாள் அடிச்சா அதுல இருக்கும்.

பெட்ஷீட்_கடை:
ரெண்டு பேருங்ணா. 'லூம்_5ஜி', 'லூம்_கெஸ்ட்'. போன் 5ஜியில இருக்கு. தாள்ல கெஸ்ட்னு போட்டிருக்கு. பிரிண்டர் லிஸ்ட்ல 5ஜி பேரே வரலீங்க.

பல்லடம்_சர்வீஸ்:
ரூட்டர ரீசெட் பண்ணிட்டு முதல்ல இருந்து போடுங்க, சரியாயிரும்.

ஈரோடு_நெட்:
ரீசெட் வேண்டாமுங்க, நெட் கம்பெனி போட்ட யூசர்நேமும் அழிஞ்சு போச்சுன்னா அவுங்களுக்குப் போன் போட்டுட்டே உக்காந்திருக்கோணும்.

விசயம் இதுதான். அந்த 5ஜி மொபைல் 5ஜி இல்லீங்க, 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. விலை கம்மியான பிரிண்டர் பலதும் 2.4 மட்டும்தான் புடிக்கும், அதனால அந்தப் பேரே அதுக்குத் தெரியாது. உங்க ரூட்டர்ல 2.4ல ஓடறது கெஸ்ட் மட்டும்னு நெனைக்கறேன். வந்தவரு கண்ணுக்குத் தெரிஞ்சதுல சேர்த்துட்டாரு. கெஸ்ட்டுங்கறது வாசத் திண்ணை மாதிரி: நெட் கெடைக்கும், ஆனா உள்ள இருக்கற சாமானப் பாக்க உடாது. போன் உள்ள, பிரிண்டர் திண்ணையில.

ரூட்டரோட செட்டிங்ஸ் பக்கத்தத் தொறந்து 2.4ஐ ஆன் பண்ணி 'லூம்'னு ஒரு பேரு வைங்க. பாதுகாப்பு டபிள்யூபிஏ2ன்னு இருக்கட்டும். டபிள்யூபிஏ3 மட்டும் வெச்சா பழைய மாடலெல்லாம் சேராது. பிரிண்டர அதுல சேருங்க. போன் 5ஜியிலயே இருக்கலாம், ரெண்டும் ஒரே ரூட்டரோட உள் நெட்வொர்க்தான். பிரிண்டர் பின்னாடி குடோன்ல இருந்தாலும் பரவால்ல, செவுரு தாண்டறதுல 2.4 தான் கெட்டி.

பெட்ஷீட்_கடை:
வந்திருச்சுங்ணா! பில் ஓடுது. பேர 'சென்னிமலை முருகன்'னு தமிழ்ல வைக்கலாம்ங்களா? அப்பாவுக்கு ஆசை.

கோபி_கம்ப்யூட்டர்:
பேருக்கு 32 பைட்டுதான் எடம். தமிழ்ல ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு, கொம்பு புள்ளியெல்லாம் தனிக் கணக்கு. 'சென்னிமலை' மட்டும்னா 27, அடங்கிரும். முருகனையும் சேர்த்தா 49. மலையில எடமிருக்கு, ரூட்டர்ல இல்ல :) அதுவுமில்லாம சின்ன டிஸ்ப்ளே பிரிண்டர்ல தமிழ் கட்டங்கட்டமாத் தெரியலாம். இங்கிலீசுலயே வைங்க. பேர மாத்துனா பிரிண்டர மறுபடி சேர்க்கோணும், அதையும் அப்பாகிட்டச் சொல்லீருங்க.

பெட்ஷீட்_கடை:
அப்ப 'லூம்'மே இருக்கட்டும். அந்த டைரக்ட் பேரு எதுக்கு சும்மா சுத்துது?

ஈரோடு_நெட்:
பிரிண்டர் மெனுவுல வைஃபை டைரக்ட்னு இருக்கும், ஆஃப் பண்ணீருங்க. இல்லாட்டி பாஸ்வேர்டையாவது மாத்தி வைங்க.