எல்.எல்.ஆர். மட்டும்தான் இருக்கிறது, பழைய கார் வாங்குகிறேன்: எந்த இன்ஷூரன்ஸ் போடுவது?

முடிச்சூர் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்ப்பவரின் வேகன் ஆரை வாங்கப் பேசி முடித்திருக்கிறேன். 1.0 பெட்ரோல், நாலு வருஷம் தாண்டிய வண்டி. எனக்கு வயது 43, இதுவரை ஸ்கூட்டிதான். காருக்கான எல்.எல்.ஆர். இப்போதுதான் வந்தது. டிரைவிங் ஸ்கூலில் காலையில் அரை மணி நேரம் ஓட்டத் தருகிறார்கள், அது போதவே இல்லை. சாயங்காலம் சொந்த வண்டியில் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிப் பழகலாம் என்றுதான் இப்போதே வாங்குகிறேன்.

இன்ஷூரன்ஸில்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். லண்டனில் இருக்கும் சித்தி மகள், அங்கே கற்றுக்கொள்பவர்களுக்குத் தனி இன்ஷூரன்ஸ் உண்டு, ஓட்டுகிறவர் வயது, அனுபவம் எல்லாம் பார்த்துத்தான் பிரீமியம் போடுவார்கள், பாலிசியில் பெயர் இல்லாமல் ஸ்டீயரிங்கைத் தொடாதே என்கிறாள். இங்கே ஏஜென்ட்டிடம் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம், ஃபுல் இன்ஷூரன்ஸ், பம்பர் டு பம்பர் போட்டுடலாம்" என்று ஒன்பதாயிரம் சொல்கிறார். வண்டியை விற்பவரோ, "என் பாலிசியில இன்னும் ஏழு மாசம் இருக்கு, அதுலயே ஓட்டுங்க" என்கிறார். வீட்டில், எப்படியும் கேட்டில் இரண்டு தடவை உரசத்தான் போகிறாய், தேர்ட் பார்ட்டி மட்டும் போடு என்கிறார்கள்.

எல்.எல்.ஆரோடு ஓட்டும்போது ஏதாவது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ் செல்லுமா செல்லாதா? எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

ஓ.எம்.ஆர். பையன்:

தேர்ட் பார்ட்டி போதும் மேடம். 1000 சிசிக்குள் இருக்கிற காருக்கு 2022 ஜூனில் வந்த கட்டணப்படி வருஷத்துக்கு 2,094 ரூபாய், ஜி.எஸ்.டி.யோடு 2,471. வேகன் ஆர் 1.0 என்பது 998 சிசி, இந்த வரம்புக்குள் வந்துவிடும். மிச்சப் பணத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பழகும்போது விழுகிற கீறலுக்குத் தெருமுனை டிங்கரிங் கடையே போதும். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற சர்வேயர்:

டீச்சர், வணக்கம். மோட்டார் சர்வேயராகப் பல வருஷம் இடிபட்ட வண்டிகளைப் பார்த்தவன் நான். ஓ.எம்.ஆர். தம்பி சொன்ன கணக்கு சரி. ஆனால் தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காரணம் கீழே வருகிறது.

முதலில் நீங்கள் கேட்டது. லண்டன் வழக்கம் வேறு. இங்கே பாலிசி வண்டியின் பேரில்தான். ஓட்டுகிறவர் புதியவரா பழையவரா என்று பார்த்து பிரீமியம் போடும் வழக்கம் நம்மிடம் இல்லை, எல்.எல்.ஆர். காரருக்கென்று தனி பாலிசியும் தேவையில்லை. பாலிசியில் "டிரைவர்ஸ் கிளாஸ்" என்று ஒரு பத்தி அச்சிட்டிருப்பார்கள். யாரும் அதைப் படிப்பதில்லை. செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள எவரும் ஓட்டலாம் என்று முதல் வரி சொல்லும். எல்.எல்.ஆர். உள்ளவரும் ஓட்டலாம், ஆனால் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3-ஆம் விதிப்படி ஓட்டியிருக்க வேண்டும் என்று அடுத்த வரி சொல்லும். உங்களுக்கு எல்லாமே அந்த இரண்டாவது வரியில்தான் இருக்கிறது.

அந்த விதி கேட்பது இதுதான். எல்.எல்.ஆர். காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும், அதற்கு ஆறு மாதம்தான் ஆயுள். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் எல் போர்டு இருக்க வேண்டும். அப்புறம், அந்த வண்டியை ஓட்ட லைசென்ஸ் உள்ள ஒருவர், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதாவது முன் சீட்டில். பின் சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஆகாது. வேகன் ஆரில் ஹேண்ட் பிரேக் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிறது, தம்பி கை எட்டும். முதல் நாளே காலி மைதானத்தில் மெதுவாக உருட்டி, அவரை அதை இழுத்து நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தம்பியிடம் "லைசென்ஸ் இருக்கா" என்று மட்டும் கேட்காதீர்கள். கார்டை வாங்கிப் பாருங்கள். எல்.எம்.வி., அதாவது கார் போன்ற இலகு ரக வண்டி என்று போட்டிருக்க வேண்டும். நிறையப் பேர் பைக்குக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்துவிட்டு, கார் ஓட்டத் தெரியும் என்பதால் எல்லாம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தேதியையும் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் இன்ஷூரன்ஸ் செல்லும். 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே, எல்.எல்.ஆரும் லைசென்ஸ்தான், அதைக் காட்டி இழப்பீட்டிலிருந்து கம்பெனி நழுவ முடியாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. ஆனால் பக்கத்தில் ஆள் இல்லாமல் தனியாக ஓட்டி இடித்தால் உங்கள் வண்டிக்கான கிளெய்மை மறுக்கக் கம்பெனிக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. அடிபட்டவருக்கு முதலில் கம்பெனி கட்டினாலும், பாலிசி நிபந்தனையை மீறினார் என்று சொல்லி அந்தத் தொகையை வண்டிச் சொந்தக்காரரிடம் திருப்பிக் கேட்க முயலும். உயிரிழப்பு என்றால் அது எத்தனை லட்சம் என்று நினைத்துப் பாருங்கள். பால் வாங்க ஒரு தெரு தள்ளிப் போவதாக இருந்தாலும் தனியாக எடுக்காதீர்கள் டீச்சர். எந்த பாலிசி என்பதைவிட இது முக்கியம்.

இப்போது தேர்ட் பார்ட்டி விஷயம். தேர்ட் பார்ட்டி மட்டும் என்று போடுகிற பாலிசி, தெருவில் போகிறவருக்கும் மற்ற வண்டியில் இருப்பவருக்கும்தான். உங்கள் காருக்குள் உட்கார்ந்திருப்பவர் பொதுவாக அதில் வரமாட்டார். காம்ப்ரிஹென்சிவ், அதாவது பேக்கேஜ் பாலிசி போட்டால்தான் காரில் இருப்பவர்களும் அந்தப் பாதுகாப்புக்குள் வருவார்கள். நீங்கள் கற்றுக்கொள்ளும் காலம் முழுக்கப் பக்கத்தில் உட்காரப் போவது யார்? உங்கள் தம்பி. அவருக்குக் கையோ காலோ போனால் தேர்ட் பார்ட்டி பாலிசியிலிருந்து ஒரு பைசாவும் வராமல் போகலாம். கீறலுக்கு டிங்கரிங் கடை போதும், சரி. ஆனால் இதற்கு? அதனால்தான் பேக்கேஜ் என்கிறேன். அதோடு பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான பெர்சனல் ஆக்சிடென்ட் என்று ஒன்று இருக்கிறது. சில நூறு ரூபாய்தான், கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கே உரிய 15 லட்ச ரூபாய் ஓனர் டிரைவர் பெர்சனல் ஆக்சிடென்ட் கவர், எல்.எல்.ஆர். காலத்தில் விதி 3-ஐ மீறாமல் ஓட்டினால் செல்லுமா என்று ஏஜென்ட்டிடம் மெயிலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது பிறகு நிற்காது.

விற்பவர் சொன்னதைக் கேட்காதீர்கள். ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறிய பிறகும் பாலிசி அவர் பெயரிலேயே இருந்தால், தேர்ட் பார்ட்டி பகுதி தானாக உங்களுக்கு வந்துவிடும், ஆனால் வண்டியின் சேதத்துக்கான பகுதி வராது. வண்டி கை மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்ற வேண்டும். அவருடைய நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாததற்குக் கிடைத்த தள்ளுபடி, அவருக்குத்தான் சொந்தம். அந்தத் தள்ளுபடி வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டி வரும். அவர் கம்பெனியில் சர்டிபிகேட் வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று வருஷத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம், இதை அவரிடமும் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒருமுறை முன்பக்கம் நசுங்கிய காரைப் பார்க்கப் போனேன். ஓட்டியவர் கணவர் என்று படிவத்தில் எழுதியிருந்தது. மனிதர் நல்ல உயரம். டிரைவர் சீட் ஸ்டீயரிங்கோடு ஒட்டுகிற மாதிரி முன்னால் தள்ளியிருந்தது, முதுகுக்கு ஒரு பூப்போட்ட தலையணை, டிக்கியில் கழற்றிப் போட்ட எல் போர்டு. அந்த அம்மா பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். அவர் பெயரையே எழுதியிருந்தால் அந்த கிளெய்ம் நியாயமாகப் போயிருக்கும், ஏனென்றால் கணவர் நிஜமாகவே பக்கத்து சீட்டில்தான் இருந்திருக்கிறார். பொய் எழுதியதால் மொத்தமும் கெட்டது. யார் ஓட்டினார்களோ அவர்கள் பெயரை எழுதுங்கள். எல்.எல்.ஆர். என்பது மறைக்க வேண்டிய விஷயமே இல்லை.

வரதராஜபுரம்:

டீச்சர், நானும் உங்கள் பக்கம்தான். 2015 டிசம்பரில் அடையாறு ஏறியபோது எங்கள் தெருவில் காரின் கூரை மட்டும்தான் தெரிந்தது. முடிச்சூரில் இருந்துகொண்டு இன்ஜின் புரொடெக்‌ஷன் இல்லாமல் பாலிசி போடாதீர்கள். சாதாரண பேக்கேஜில் வெள்ளச் சேதம் வரும், ஆனால் தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்து இன்ஜின் உள்ளே பழுதாகிவிட்டால் தரமாட்டேன் என்பார்கள். இன்ஜின் புரொடெக்‌ஷன் இருந்தாலும் நின்ற தண்ணீரில் சாவியைத் திருகவே கூடாது. கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். புதிதாக ஓட்டுபவர்களுக்குப் பதற்றத்தில் கை தானாகச் சாவிக்குப் போகும், அதனால்தான் சொல்கிறேன்.

ஓ.எம்.ஆர். பையன்:

பக்கத்தில் உட்காருபவர் தேர்ட் பார்ட்டியில் வரமாட்டார் என்பது எனக்குப் புதுச் செய்தி சார். சரி, அப்படியென்றால் ஒரு கேள்வி. சின்னச் சின்ன இடிக்கெல்லாம் கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடுமே, பம்பர் டு பம்பருக்குக் கொடுக்கிற காசு தண்டம் இல்லையா?

ஓய்வு பெற்ற சர்வேயர்:

நல்ல கேள்வி தம்பி. கணக்காகவே பார்ப்போம். ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில் இடித்து பின் பம்பர் உடைகிறது. பம்பர் 4,000, பெயின்டிங் 4,000, கழற்றி மாட்டக் கூலி 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், பில் 9,000. பிளாஸ்டிக்குக்குப் பாதி தேய்மானம், அதில் 2,000 போகும். பெயின்டிங்கில் கால் பங்கைப் பெயின்ட் விலையாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 500 போகும். எப்படியும் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய 1,000 தனி. 5,500 வரும். பம்பர் டு பம்பர் இருந்தால் தேய்மானம் கழிக்க மாட்டார்கள், 8,000 வரும். நாலு வருஷம் தாண்டிய வண்டியில் இரும்புப் பாகங்களுக்கே 35 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள், கதவும் ஃபெண்டரும் சேர்ந்து போனால் வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். கற்றுக்கொள்ளும் முதல் வருஷத்துக்கு அது தண்டம் இல்லை என்பது என் கருத்து. வண்டிக்கு ஐந்து வயது தாண்டினால் பல கம்பெனிகள் தருவதில்லை என்பதால் டீச்சர் இப்போதே கேட்டுவிட வேண்டும். வருஷத்துக்கு இத்தனை கிளெய்ம்தான் என்ற வரம்பையும் பார்க்க வேண்டும்.

ஆனால் ஆயிரம், இரண்டாயிரம் பில்லுக்குக் கிளெய்ம் போடாதீர்கள். ஒரு வருஷம் கிளெய்ம் இல்லாமல் போனால் 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, 50 என்று ஏறும். தள்ளுபடி ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்துக்கு மட்டும்தான், என்றாலும் ஒரு கிளெய்ம் போட்டால் திரும்பப் பூஜ்யத்திலிருந்து ஏற வேண்டும். கேட்டில் உரசிய கோட்டுக்கு அது வேண்டாம், அங்கே நீங்கள் சொன்ன டிங்கரிங் கடைதான் சரி.

முடிச்சூர் டீச்சர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சர்வேயர் சார், தம்பியின் கார்டை வாங்கிப் பார்த்தேன், எல்.எம்.வி. இருக்கிறது, தேதியும் இருக்கிறது. ஆனால் அவனுக்கு வாரத்தில் மூன்று நாள் நைட் ஷிஃப்ட். அந்த நாட்களில் என் மாமனார் வருகிறேன் என்கிறார். மின்வாரியத்தில் ஜீப் ஓட்டியவர், அவரைப் போல் பொறுமையாகச் சொல்லித்தர யாரும் கிடையாது. லைசென்ஸ் காலாவதியாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவர் உட்காரலாமா?

ஓய்வு பெற்ற சர்வேயர்:

கூடாது டீச்சர். எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும், விதியின் கண்ணில் இப்போது லைசென்ஸ் இல்லாதவர்தான் அவர். அவரைப் பக்கத்தில் வைத்து ஓட்டுவதும் தனியாக ஓட்டுவதும் கிளெய்முக்கு ஒன்றுதான். பெரியவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், வருத்தப்படுவார்.

புதுப்பிக்கலாம். காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும், டாக்டரிடம் ஃபார்ம் 1ஏ என்ற மருத்துவச் சான்றும் வாங்க வேண்டும். ஜீப் ஓட்டியவருக்கு அது பெரிய வேலையா என்ன. உங்களுக்கும் எல்.எல்.ஆர். வந்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட், இரண்டு பேரும் ஒரே நாளில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்விட்டு வரலாம். அதுவரை தம்பி இல்லாத நாட்களில், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரே உங்கள் வண்டியில் வந்து உட்காருவாரா என்று கேளுங்கள், கூடுதலாகக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு சிலர் வருவார்கள். அவருடைய கார்டையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். லைசென்ஸ் கைக்கு வந்ததும் பாலிசியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை, எல் போர்டைக் கழற்றினால் போதும்.