இரண்டாம் பாகம் மட்டும் ஏன் இப்படி ஓடுகிறது?

காட்பாடி வாசகன்:
தினமும் காலையில் காட்பாடியில் ஏறி அரக்கோணத்தில் இறங்குகிறவன் நான். ரயிலில்தான் படிப்பு. டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலின் முதல் பாகத்தை முடிக்க மூன்று மாதம் ஆயிற்று. பிறந்தநாள் விருந்து முடிந்து கதாநாயகன் ஃப்ரோடோ வீட்டை விட்டுக் கிளம்பவே கதையில் பதினேழு வருஷம் ஆகிறது. இரண்டு முறை மூடி வைத்துவிட்டேன்.

இரண்டாம் பாகம் அப்படியில்லை. முதல் அத்தியாயத்திலேயே உடன் வந்த போரோமிர் சாகிறான். ஃப்ரோடோவின் நண்பர்கள் மெர்ரியையும் பிப்பினையும் ஓர்க்குகள் என்ற அரக்கர்கள் தூக்கிக்கொண்டு போக, கூட வந்த அரகார்ன், லெகோலாஸ், கிம்லி மூவரும் குதிரைகூட இல்லாமல் துரத்துகிறார்கள். நாலு நாள் முடிவதற்குள் 45 லீக்; ஒரு லீக் என்றால் மூன்று மைல். கணக்குப் போட்டேன், சுமார் 217 கிலோமீட்டர். வேலூரிலிருந்து பெங்களூருக்கு ஓடியே போன மாதிரி! அந்த ஓட்டத்தில் நேற்று நான் அரக்கோணத்தைக் கோட்டைவிட்டுத் திருவள்ளூரில் இறங்கினேன்.

எழுதியவர் அதே ஆள்தானே? எங்கிருந்து வந்தது இந்த வேகம்?

ஆற்காடு மக்கன்பேடா:
ஓட்டத்தை விடுங்கள், அந்த ஊக்கைப் பாருங்கள். பிப்பின் தன் மேலங்கியில் இருந்த இலை வடிவ ஊக்கை வேண்டுமென்றே கீழே போடுகிறான். அரகார்ன் அதைப் புல்லில் கண்டெடுக்கும்போது நமக்கும் உயிர் வருகிறது. லோரியன் காட்டில் அந்த அங்கியைக் கொடுத்ததை முதல் பாகத்தில் பொறுமையாகப் படித்திருக்கிறோமே, அதனால்தான். நேராக இரண்டாம் பாகத்தை எடுத்தவனுக்கு அது வெறும் ஊக்கு. எங்கள் ஊர் மக்கன்பேடாவும் பாகில் ஊறாவிட்டால் பொரித்த மாவு உருண்டைதான்.

குடியாத்தம் அக்கா:
தம்பி, அது தனிக் கதையே கிடையாது. அவர் எழுதியது ஒரே நாவல். காகித விலைக்குப் பயந்து பதிப்பகம்தான் 1954-55இல் மூன்றாகப் பிரித்துப் போட்டது. அதனால் இரண்டாவதில் யாரையும் அறிமுகம் செய்கிற வேலை இல்லை, ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொள்ள வேண்டியதுதான். ‘பொன்னியின் செல்வ’னிலும் இதே கதை. ஊரையும் உறவையும் முதல் பாகமான ‘புது வெள்ளம்’ சொல்லி முடித்துவிட்டதால், நம்ம திருவல்லம் பக்கத்து வாணர்குலப் பிள்ளை வந்தியத்தேவன் இரண்டாம் பாகமான ‘சுழற்காற்’றில் கோடிக்கரையில் படகேறி இலங்கைக்கே போய்விடுகிறான்.

ஆனால் பாதிப் புத்தகத்துக்கு மேல் ஒன்று காத்திருக்கிறது. அப்போது என்னைத் திட்டாதே.

காட்பாடி வாசகன்:
மக்கன்பேடா சார், ஊக்கை நான் கவனிக்கவே இல்லை, திரும்பப் போய்ப் படித்தேன். சரிதான்.

அக்கா, நீங்கள் சொன்ன இடத்துக்கு இன்று வந்துவிட்டேன். அதுவரை ஃப்ரோடோவையே காணோம். இப்போது அவனும் அவன் பணியாள் சாமும் பாறையில் கயிறு கட்டி இறங்குகிறார்கள், இறங்கியதும் கயிற்றைப் பற்றியே பேச்சு. அரக்கோணத்தில் ஒழுங்காக இறங்கிவிட்டேன்.